காயவைத்த மூலிகை கெட்டுப்போகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

துளசி, புதினா, முருங்கையிலை, ஆடாதோடை, சங்குப்பூ என்று வீட்டில் எதைக் காயவைத்தாலும், அது கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். தொடக்கத்தில் நீர் மெதுவாக வெளியேறியிருக்கும். அல்லது முடிவில் அவசரப்பட்டு மூடி போட்டிருப்போம். கறுப்பு, மஞ்சள் இரண்டும் முதல் வகை. பூசணம், புளித்த வாடை, நமத்துப்போதல், பொடி கட்டி தட்டுதல் எல்லாம் இரண்டாம் வகை. நிறம் வெளிறுவதும் மணம் பறந்துபோவதும் மட்டும் வேறு கணக்கு. அவை சூடும் வெளிச்சமும் செய்கிற வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு, உங்கள் இலையில் தெரிகிற அறிகுறியைக் கீழே தேடுங்கள்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. பறித்த இலையில் நூற்றுக்கு 75 முதல் 85 பங்கு வரை தண்ணீர். அதைப் 10 பங்கு அளவுக்கு இறக்குவதுதான் மொத்த வேலையும். 1 கிலோ பச்சை இலையில் 80% நீர் என்றால், உலர்பொருள் 200 கிராம்தான். 10% ஈரத்தோடு அது 222 கிராம் எடை நிற்கும். 250 கிராமில் இருக்கும்போதே தொட்டுப் பார்த்தால் மேலே காய்ந்தது போலத் தெரியும். ஆனால் அப்போது அதில் 20% ஈரம் இருக்கிறது, பூசணத்துக்கு அது தாராளம். கை ஏமாறும், தராசு ஏமாறாது. பறித்த அன்றே எடையைக் குறித்து வையுங்கள். சமையலறைத் தராசு போதும்.

இன்னொன்று, ஜாடிக்குள் வைக்கிற அளவுக்குச் சின்ன ஈரமானி, அதாவது காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் கருவி. விலை குறைந்த ஈரமானிகள் 5, 10 புள்ளி பிசகிக் காட்டுவது சாதாரணம். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. சின்ன மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரையாமல் சேறு போல நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து ஒரு ஜாடிக்குள் காற்றுப் புகாமல் மூடி, இரவு முழுக்க வையுங்கள். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75% ஈரப்பதத்தில் நிறுத்தும். உங்கள் கருவி 70 காட்டினால் அது 5 குறைவாகக் காட்டுகிறது என்று பொருள். அதை ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவிடுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல், கீழே சொல்லப்போகிற எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

இலை கறுத்துவிட்டது

அதிகம் பேர் கேட்கிற கேள்வி இது. எந்த இடத்தில் கறுத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள், பதில் அங்கேயே இருக்கிறது.

மடிப்பிலும் விரல் பட்ட இடத்திலும் மட்டும் கறுப்பு என்றால், இலை கன்றிப்போயிருக்கிறது. ஆப்பிளை வெட்டி வைத்தால் நிறம் மாறுவதற்கு எந்த நொதி காரணமோ, அதே வகை நொதிதான் இங்கேயும். செல் உடைந்ததும் அது உள்ளிருக்கும் பாலிஃபீனால்களோடும் காற்றோடும் சேர்ந்து கறுப்பு நிறமிகளை உண்டாக்கிவிடுகிறது. துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் இதில் மிக மென்மை. பையில் அமுக்கிக் கொண்டுவந்தாலே போதும், கறுத்துவிடும். அடுத்த முறை அகலக் கூடையில் தளர்வாகக் கொண்டுவாருங்கள். இலையை உருவிப் பறிக்காமல் கொப்போடு வெட்டுங்கள். காய்ந்த பிறகு உருவினால் கன்றல் பிரச்சினையே வராது.

எல்லா இலையும் ஒரே சீராகக் கறுத்திருந்தால், முதல் நாள் வீணாகிவிட்டது என்று பொருள். வெட்டிய இலை உடனே சாவதில்லை. நீர் இருக்கும் வரை அதன் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும், 30, 40 டிகிரி செல்சியஸ் அவற்றுக்கு வசதியான சூடுதான். அவற்றை நிறுத்துவது நீர் குறைவதே. அதனால் பரப்பிய முதல் 24 மணி நேரத்தில் காற்றோட்டம் தாராளமாக இருக்க வேண்டும். இலை ஒன்றின்மேல் ஒன்று படாத ஒற்றை அடுக்கு, கீழேயும் காற்றுப் போகிற வலைத்தட்டு, பக்கவாட்டில் ஓடுகிற மின்விசிறி. செய்தித்தாளிலோ தட்டிலோ பரப்பினால் அடிப்பக்கம் மூச்சுவிடாது. மரச்சட்டத்தில் கொசுவலையை இழுத்துக் கட்டினாலே நல்ல தட்டு ஆகிவிடும்.

குவியலின் நடுவிலும் அடியிலும் இருந்தவை மட்டும் கறுத்திருந்தால், அது பரப்புவதற்கு முன்பே நடந்த கேடு. பறித்த இலைகள் சுவாசிக்கும், சூடு விடும். மூட்டையின் நடுவில் கையை விட்டால் வெதுவெதுப்பு தெரியும். காலையில் பறித்து மாலையில் பரப்பலாம் என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பரப்ப நேரம் இல்லாத நாளில் பறிக்க வேண்டாம்.

திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தால் கழுவிய நீர் இலைமேல் நின்றிருக்கும். கழுவத்தான் வேண்டும் என்றால் முந்தின நாள் செடியில் இருக்கும்போதே நீர் தெளித்துக் கழுவிவிட்டு, மறுநாள் பனி வற்றிய பின் பறியுங்கள். பறித்த பின் கழுவினால் நன்றாக உதறி, துணியில் ஒற்றி எடுத்து, முதல் ஒரு மணி நேரம் விசிறிக் காற்று படும்படி வையுங்கள்.

துளசி இனத்துக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. அதைக் குளிர்பதனப் பெட்டியில் "நாளைக்குப் பரப்பலாம்" என்று வைக்காதீர்கள். சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் குளிரே அதன் செல்களைக் கெடுத்துக் கறுக்க வைத்துவிடும்.

நிறம் முக்கியம், மணம் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை என்கிற இலைகளைக் கொதிநீரில் சில நொடிகள் முக்கி, உடனே குளிர்ந்த நீரில் போட்டு எடுத்துக் காயவைக்கலாம். அந்தச் சூட்டில் நொதி செயலிழந்துவிடும். மணத்துக்காகவே வைத்திருக்கும் புதினாவுக்கும் துளசிக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கறுத்த இலையை என்ன செய்வது? நொதியால் கறுத்தது நஞ்சு அல்ல. மொறுமொறுவென்று காய்ந்து, வாடையும் சுத்தமாக இருந்தால் பயன்படுத்தலாம், தரம் குறைவு, அவ்வளவுதான். கறுப்போடு வழவழப்போ மக்கிய நாற்றமோ இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

மஞ்சளாக அல்லது வைக்கோல் நிறமாக மாறிவிட்டது

மஞ்சள் என்றால் இலை பசியில் கிடந்து முதுமை அடைந்திருக்கிறது. இருட்டில், ஈரத்தோடு, மெதுவாகக் காய்ந்தால் பச்சையம் சிதைந்து மஞ்சள் வெளியே தெரியும். முருங்கையிலையைக் கொப்போடு மூடி வைத்தால் ஓரிரவில் இது நடக்கும். (இலைகள் தானாக உதிர்வதற்காகக் கட்டி மூடி வைப்பார்கள். உதிர்ந்ததும் உடனே பரப்பிவிட வேண்டும்.) கறுப்புக்குச் சொன்ன அதே தீர்வு.

ஒலிவப் பழுப்பு நிறம் வேறு. அது சூட்டால் வந்தது. பச்சையத்தின் நடுவில் இருக்கும் மெக்னீசியம் சூட்டிலும் அமிலத்திலும் கழன்றுவிட்டால் பசுமை மங்கிப் பழுப்பாகும்.

மேற்பக்கம் மட்டும் வெளிறி, அடிப்பக்கம் பச்சையாக இருந்தால் வெயில். நேர்வெயில் இலையை வேகமாகக் காயவைக்கும், ஆனால் நிறத்தையும் மணத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். வேர், பட்டை, விதை போன்றவற்றை வெயிலில் போடலாம். இலைக்கும் பூவுக்கும் நிழல்தான். நிழல் என்றால் காற்றோட்டமுள்ள நிழல். கதவடைத்த அறையின் இருட்டு அல்ல.

நான்கு நாளாகியும் காயவில்லை

அறையின் ஈரப்பதத்தைப் பாருங்கள். 75, 80 என்று காட்டினால் இலையில் எந்தக் குறையும் இல்லை, காற்றுக்கு இனி நீரை வாங்க இடமில்லை. எவ்வளவு நேரம் வைத்தாலும் அந்தக் காற்றோடு சமநிலைக்கு வரும் வரைதான் இலை காயும், அதற்குமேல் காயாது. 75% ஈரப்பதமுள்ள அறையில் ஒரு மாதம் தொங்கினாலும் இலை நொறுங்கும் பதத்துக்கு வராது. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் நாள் கணக்கில் காத்திருக்கிறார்கள், அதற்குள் பூசணம் முந்திக்கொள்கிறது.

தீர்வு, காற்றைச் சற்றுச் சூடாக்குவது. 30 டிகிரியில் 85% ஈரப்பதமாக இருக்கிற காற்றை 40 டிகிரிக்குக் கொண்டுபோனால், அதில் உள்ள நீர் அதேதான், ஆனால் ஈரப்பதம் ஏறக்குறைய 50% ஆகிவிடும். சூடான காற்று இன்னும் அதிக நீரைத் தாங்கும் என்பதே காரணம். மின் உலர்த்தி இந்த வேலையைத்தான் செய்கிறது. மூலிகை இலைக்கு அதை 35 முதல் 45 டிகிரிக்குள் வையுங்கள். மிக ஈரமான பருவத்தில் 50 வரை போகலாம், மணமுள்ள இலைக்கு வேண்டாம். உலர்த்தி இல்லாதவர்கள் குளிரூட்டி ஓடும் அறையைப் பயன்படுத்தலாம். குளிரூட்டி காற்றிலிருந்து நீரைப் பிரித்து வெளியே விடுவதால், சூடு இல்லாமலே நன்றாகக் காய்கிறது. விசிறி மட்டும் கூடவே வேண்டும்.

சமையல் அடுப்பைச் சேர்ந்த சூட்டுப்பெட்டிகளை இதற்கு நான் நம்புவதில்லை. பலவற்றின் மிகக் குறைந்த அளவே 60, 70 டிகிரிக்கு மேல். அதில் இலை காய்வதில்லை, வேகிறது. நுண்ணலை அடுப்பு இன்னும் கவலை. காய்ந்த இலையில் நீர் தீர்ந்த நொடியில் கருகித் தீப்பற்றலாம். கொஞ்சம் இலையை, அரை நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்திப் பார்த்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பக்கத்திலிருந்து நகராமல் செய்ய முடியுமென்றால் மட்டும் செய்யுங்கள்.

அறை ஈரப்பதம் 50, 55 தான், ஆனாலும் காயவில்லை என்றால் தவறு பரப்பியதில் இருக்கிறது. கட்டாகத் தொங்கவிட்டிருந்தால் கட்டைப் பிரித்துப் பாருங்கள், நடுவில் ஈரம் நிற்கும். ஒரு கட்டில் ஐந்தாறு கொப்புக்கு மேல் வேண்டாம். காயக் காயத் தண்டு சுருங்கிக் கொப்புகள் நழுவி விழும் என்பதால் நூலை விட ரப்பர் வளையம் நல்லது.

கற்பூரவல்லி போன்ற சதைப்பற்றுள்ள இலைகளைத் தனிக்கணக்காக வையுங்கள். அவற்றில் நீர் 90 பங்கையும் தாண்டும். மேல்தோலும் தடிப்பு. முழு இலையாக நிழலில் போட்டால் காய்வதற்கு முன்பே அழுகத் தொடங்கும். விரல் அகலத்துக்கு நறுக்கி, உலர்த்தியில் போடுவதே வழி. நறுக்கும்போது மணத்தில் ஒரு பங்கு போகும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இலை நொறுங்குகிறது, தண்டு வளைகிறது

இது காய்ந்தது அல்ல. இலைப் பரப்பு மெல்லியது, முதலில் காயும். நடு நரம்பும் காம்பும் தண்டும் பின்தங்கும். இந்த நிலையில் ஜாடியில் போட்டால் தண்டில் இருக்கும் நீர் இலைக்குப் பரவி, இரண்டு நாளில் எல்லாம் நமத்துப்போகும்.

சோதனை எளிது. தண்டை வளைத்துப் பாருங்கள். ஒடிகிற ஓசை கேட்க வேண்டும். நார் போலப் பிரிந்து வளைந்தால் இன்னும் ஒரு நாள். பெரிய தண்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு இலையை மட்டும் தொடர்ந்து காயவைப்பது இன்னும் நல்லது. பிறகு எடை போடுங்கள். சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை போட்டும் எடை மாறவில்லை, எதிர்பார்த்த எடைக்கும் பக்கத்தில் வந்துவிட்டது என்றால் முடிந்தது. எடை மாறவில்லை, ஆனால் எதிர்பார்த்ததை விட மிக அதிகம் என்றால், அறையின் காற்று அவ்வளவுதான் கொடுக்கும் என்று பொருள்; மேலே சொன்ன சூட்டுக் கணக்குக்குப் போங்கள்.

ஜாடியில் போட்டது நமத்துவிட்டது

என் கருத்தில், காயவைக்கும்போது கெடுவதை விட ஜாடிக்குள் கெடுவதுதான் அதிகம். இலை வலையில் கிடக்கும்போது எல்லோரும் போய்ப் போய்ப் பார்க்கிறார்கள். மூடி போட்டதும் மறந்துவிடுகிறார்கள். முதல் பத்து நாள் ஜாடியையும் உலர்த்துகிற காலமாகவே எண்ணுங்கள்.

முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, உள்ளே ஈரமானியை வைத்து மூடுங்கள். வெயில் படாத, சூடு ஏறி இறங்காத இடத்தில் ஒரு நாள் விட்டு எண்ணைப் படியுங்கள். மூடிய ஜாடிக்குள் காற்றின் ஈரப்பதம் இலையின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்து நிற்கும். அதனால் இந்த எண் இலைக்குள் இருக்கிற கதையைச் சொல்கிறது.

50க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 50க்கும் 60க்கும் இடையில் பூசணம் வராது, ஆனால் நிறமும் மணமும் சீக்கிரம் மங்கும். இன்னொரு முறை வலையில் பரப்பி எடுத்தால் நல்லது. 60ஐத் தாண்டினால் கட்டாயம் வெளியே எடுத்துக் காயவையுங்கள். பெரும்பாலான பூசணங்களுக்கு 70க்கு மேல் தேவை, ஆனால் வறட்சியைத் தாங்குகிற சில வகைகள் 60களிலேயே மெல்ல வளரும். 70க்கு மேல் காட்டினால் அந்த நிமிடமே கொட்டிப் பரப்பி, ஒவ்வொரு இலையாகப் பாருங்கள். எல்லா நாளும் ஒரு முறை ஜாடியைக் குலுக்குங்கள். தளர்வாகச் சரசரத்தால் சரி. ஒட்டிக்கொண்டு கட்டியாக நகர்ந்தால் எண் எதைக் காட்டினாலும் எடுத்துவிடுங்கள்.

ஈரமானி இல்லாதவர்கள் குலுக்கல் சோதனையையும் நொறுக்கல் சோதனையையும் நம்பலாம். வைத்த அன்று நொறுங்கிய இலை மூன்றாம் நாள் துவண்டால், ஈரம் உள்ளிருந்து வந்திருக்கிறது.

ஒரு வாரம் மொறுமொறுவென்று இருந்து, பிறகு நமத்துப்போனால் உள்ளிருந்த ஈரம் அல்ல. மூடி கசிகிறது, அல்லது அடிக்கடி திறக்கிறீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் பைகள் நீராவியை மெதுவாக உள்ளே விடும். கண்ணாடி ஜாடிக்கு மாற்றுங்கள். பெரிய ஜாடி ஒன்றைத் தினமும் திறப்பதை விட, கையிருப்பைப் பல சிறு ஜாடிகளாகப் பிரித்து, ஒன்றை மட்டும் பயன்பாட்டில் வைப்பது மேல். சிலிக்கா மணிப் பொட்டலம் ஒன்று போடலாம். நீல நிற மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும், உட்கொள்ளும் மூலிகைக்குப் பக்கத்தில் அது வேண்டாம். உலர்த்தும் பொட்டலம் காயாத இலையைக் காயவைத்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். காய்ந்ததைக் காப்பதுதான் அதன் வேலை.

ஜாடியின் உட்சுவரில் ஆவி படிகிறது

எப்போது படிந்தது என்பதுதான் கேள்வி. மூடிய சில நிமிடங்களில் என்றால், இலை சூடாக இருக்கும்போதே போட்டுவிட்டீர்கள். கொட்டி, அறைச் சூட்டுக்கு ஆறவிட்டுத் திரும்பப் போட்டால் தீர்ந்தது. மறுநாள் படிந்தால் இலைக்குள் ஈரம் இருக்கிறது. திரும்பவும் வலைக்குப் போங்கள்.

வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது

பயந்து எறிவதற்கும் பயமில்லாமல் பயன்படுத்துவதற்கும் முன்னால், கைப்பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகத் தெரிவது நான்கில் ஒன்றாக இருக்கலாம்.

இலை முழுக்க ஒரே சீராக, வரிசையாக நிற்கும் குட்டை முடிகள் என்றால் அவை இலையின் சொந்த ரோமங்கள். கற்பூரவல்லி, துளசித் தண்டு போன்றவற்றில் காய்ந்த பிறகு இவை பளிச்சென்று தெரியும். துளி காய்ந்த வடிவில் வட்டமான, விளிம்பு தடித்த வெண்கறை என்றால் கழுவிய நீரின் உப்பு. இந்த இரண்டும் கெடுதல் இல்லை.

மாவு தூவியது போல இலையின் மேற்பரப்பில் தட்டையாக இருந்தால், அது செடியில் இருக்கும்போதே வந்த சாம்பல் நோய். பறிக்கும்போதே கவனித்துக் கழித்திருக்க வேண்டியது. உலர்த்தி வைக்கத் தகுதியற்றது.

சிலந்தி இழை போல, ஒழுங்கில்லாமல், ஒரு இலையிலிருந்து அடுத்த இலைக்குத் தாவி ஒட்டியிருந்தால் பூசணம். காம்பு சேரும் இடத்திலும், பூவின் அடியிலும், கட்டின் நடுவிலும்தான் முதலில் வரும். பச்சை, சாம்பல், கறுப்புத் தூள் சேர்ந்திருந்தால் வித்துகளே வந்துவிட்டன. முகத்துக்கு நேரே உதறாதீர்கள், மோந்து பார்க்காதீர்கள்.

இந்த இடத்தில் கறாராக இருக்கச் சொல்கிறேன். பூசணம் கண்ட ஜாடி முழுவதும் குப்பைக்கு. கெட்ட இலையை மட்டும் பொறுக்கி எடுப்பதோ, வெயிலில் காட்டுவதோ, கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதோ கூடாது. இழை கண்ணுக்குத் தெரியாத தூரம் வரை ஓடியிருக்கும். ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் என்ற பூசண இனங்களில் சில விடுகிற நஞ்சுகள் கொதிநீரின் சூட்டில் அழியாது.

உலர்ந்த தாவரத்தில் பூசணம் என்ன செய்யும் என்பதற்கு வரலாற்றில் தெளிவான சான்று இருக்கிறது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் மாடுகள் காரணம் தெரியாமல் இரத்தம் ஒழுகி இறந்தன. சின்னக் காயம்கூட உறையவில்லை. இனிப்புக் குளோவர் என்ற தீவனப் பயிரைச் சரியாகக் காயவைக்காமல் அடுக்கி, அதில் பூசணம் பிடித்திருந்ததுதான் காரணம் என்று கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு கண்டறிந்தார். நன்றாகக் காய்ந்த அதே பயிரைத் தின்ற மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்கின் குழு அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தது. பயிரில் இயல்பாக இருந்த கூமரின் தொடர்பான பொருளைப் பூசணம் டைக்கூமராலாக மாற்றியிருந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக வந்ததுதான். செடி அதே செடி. காயவைத்ததில் வந்த பிழை அதை நஞ்சாக்கியது. உடம்புக்கு நல்லது என்று குடிப்பதற்காகக் காயவைக்கும் நாம் ஒரு ஜாடி இலைக்காக ஏன் கணக்குப் பார்க்க வேண்டும்?

எறிந்த ஜாடியைச் சோப்பும் சுடுநீரும் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். வலைத்தட்டையும் கழுவுங்கள்.

நிறம் அருமை, மணமே இல்லை

சூடு அதிகம், அல்லது கை அதிகம். புதினா, துளசி போன்றவற்றின் மணம் இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. தேய்த்தாலும் புரட்டினாலும் அவை உடையும். நீராவியோடு சேர்ந்து எண்ணெயும் பறக்கும் என்பதால், கொதிநிலை 250 டிகிரிக்கு மேலுள்ள யூஜெனால் என்ற துளசியின் மணப்பொருள்கூட அதைவிடக் குறைந்த சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். அறை முழுக்க மணக்கிறதே என்று மகிழ வேண்டாம். அறையில் மணப்பது இலையில் இல்லை.

உலர்த்தியை 40க்குள் இறக்குங்கள். ஒரு நாளில் ஒரு முறைக்கு மேல் புரட்ட வேண்டாம். இலையை முழுசாகவே ஜாடியில் வையுங்கள். பயன்படுத்தும்போது மட்டும் கசக்குங்கள். கசக்கிப் பார்த்தால் மணம் வருகிறது, சும்மா மோந்தால் வரவில்லை என்றால் ஒன்றும் கெடவில்லை, எண்ணெய்ப் பைகள் உடையாமல் இருக்கின்றன. அதுதான் வேண்டியதும்.

பச்சைப்புல் வாடை, புளிப்பு, அமோனியா

வெட்டிய புல்லின் வாடை கன்றிய இலையிலிருந்து வருவது. ஜாடிக்குள் இரண்டு, மூன்று வாரத்தில் பெரும்பாலும் தணியும். தணியாவிட்டால் அவசரமாகக் காய்ந்த இலை என்று விட்டுவிடுங்கள்.

புளிப்போ அமோனியாவின் மூக்கைத் துளைக்கும் நெடியோ வந்தால், ஈரத்தோடு மூடியதில் பாக்டீரியா வேலை தொடங்கிவிட்டது. பரப்பிக் காயவைத்தால் நெடி போகலாம், ஆனால் நடந்த கேடு திரும்பாது. எறியுங்கள்.

இதழ் காய்ந்தது, பூ கெட்டது

இதழ் ஒரே நாளில் காகிதம் போலாகும். அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணம் தடிப்பானது, அங்கேதான் ஈரம் ஒளிந்திருக்கும். சங்குப்பூவில் பச்சை அடிப்பகுதியைக் கிள்ளிவிட்டு இதழை மட்டும் காயவைக்கலாம். முழுப்பூ வேண்டுமென்றால் அடிப்பகுதியை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். பொடியாகாமல் நசுங்கினால் இன்னும் காய வேண்டும். செம்பருத்தியின் நடுத்தண்டு வழவழப்பானது, எடுத்துவிடுங்கள். சாமந்தி வகைப் பூக்களைத் தலைகீழாக வலையில் கவிழ்த்து வைத்தால் தடித்த அடிக்குக் காற்று நன்றாகப் படும். நீலமும் சிவப்புமான பூக்கள் வெளிச்சத்தில் வெளிறும் என்பதால் இருட்டு அலமாரி கட்டாயம்.

வேர் வெளியே கல், உள்ளே ஈரம்

முழு வேரை அதிகச் சூட்டில் போட்டால் தோல் முதலில் இறுகி, உள்நீருக்கு வழியை அடைத்துவிடும். காயவைக்கும் முன்பே 3 முதல் 5 மில்லிமீட்டர் வில்லைகளாக நறுக்குங்கள். காய்ந்த பின் நறுக்க முயன்றால் கத்திதான் போகும். 50, 60 டிகிரி வேருக்குத் தாங்கும். ஒரு வில்லையை ஒடித்து உள்முகத்தைப் பாருங்கள்: நடுவில் கருமையான வட்டம் தெரிந்தால் அங்கே நீர் இருக்கிறது.

பொடி கட்டி தட்டுகிறது

அரைத்தவுடன் சூடாக இருக்கிற பொடியை மூடியிருப்பீர்கள், அல்லது மழைநாளில் அரைத்திருப்பீர்கள். அரைக்கும்போது பரப்பு பலமடங்கு பெருகுவதால் பொடி காற்றின் ஈரத்தை நிமிடங்களில் இழுத்துக்கொள்ளும். அரைப்பதற்கு முன் இலையை உலர்த்தியில் 40 டிகிரியில் அரை மணி வைத்து எடுத்து, ஆறியதும் அரைத்து, அகலத் தட்டில் சூடு போக விட்டு, உடனே சிறு ஜாடிகளில் நிரப்புங்கள். கட்டியை விரலால் தொட்டால் உதிர்ந்தால் காயவைத்துத் திரும்பச் சலிக்கலாம். உதிராத கட்டி, உள்ளே நிறம் மாறிய கட்டி இரண்டும் வேண்டாம். முழு இலை நன்றாக வைத்தால் ஒரு வருடம் வரை தாங்கும். பொடியைச் சில மாதங்களுக்கு மேல் வைக்காதீர்கள். அதனால் தேவைக்கு மட்டும் அரைப்பதே சரி.

ஜாடியின் அடியில் தூசி, இலையில் ஊசித் துளைகள்

வண்டு. மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்குள், உருண்டையான, செம்பழுப்பு நிறச் சின்ன வண்டு. உலர்ந்த மூலிகை, மசாலா, புகையிலை எதையும் விடாது. மெல்லிய பிளாஸ்டிக்கைத் துளைத்தே உள்ளே போகும். முட்டை பெரும்பாலும் திறந்து காயும்போது, அல்லது பக்கத்து ஜாடியிலிருந்து வந்திருக்கும். அதனால் ஒரு ஜாடியில் கண்டால் அலமாரியில் உள்ள எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்.

பிடித்துவிட்ட ஜாடியை எறிய வேண்டும். கழிவும் தோலும் கலந்த இலையைக் காப்பாற்றி எதுவும் ஆகப்போவதில்லை. பக்கத்தில் இருந்த, இன்னும் சுத்தமாகத் தெரிகிற ஜாடிகளைக் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் திறக்க வேண்டாம். குளிர்ந்த இலைமேல் அறையின் ஈரம் படிந்து, இத்தனை நாள் காயவைத்தது வீணாகும். ஜாடி அறைச் சூட்டுக்கு வந்து, வெளிப்பக்கத்து வியர்வை தானாக உலர்ந்த பிறகு மூடியைத் திறங்கள். அலமாரியின் இடுக்குகளைத் துடைத்துவிட்டு, அடுத்த அறுவடையைக் காயவைக்கும்போது வலைத்தட்டின் மேலேயும் ஒரு கொசுவலையைப் போட்டு மூடுங்கள்.